சிம்னிக்கு நேரே

டிஷ் சிம்னியைப் பார்க்கவில்லை. விஜயலெட்சுமிக்கு முதலில் உறுத்தியது அதுதான். அதை மாட்டிய அன்று பதுளை டவுனிலிருந்து வந்த மிப்ரான், முற்றத்து இரும்புக் கம்பத்திலும் டிஷ்ஷின் கழுத்திலும் ஒரே இழுப்பில் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு போட்டான். "அக்கா, கோடு ரெண்டும் சேர்ந்திருந்தா டிஷ் பேக்டரி சிம்னிக்கு நேரா இருக்கும். படம் தானா வரும்" என்று சொல்லிவிட்டுப் போனான். இப்போதும் கோடுகள் சேர்ந்தேதான் இருந்தன. டிஷ் மட்டும் சிம்னியை விட்டுத் தள்ளி, மூடுபனிக்குள் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தது.

"காத்துக்குத் திரும்பியிருக்கும்," என்றான் அவள் புருஷன் தயாபரன். பீப்பாய் மேல் ஏறி நின்று நட்டை முறுக்கினான். அசையவில்லை. லயத்து வரிசை வீடுகளின் சனம் போனில் படம் பார்க்கத் தொடங்கிய பிறகு யாரும் தொடாத நட்டு, துரு பிடித்து இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, சுத்தியலால் தட்டி, நட்டு செய்தவனிலிருந்து தோட்டத்துத் துரை வரைக்கும் ஆள் விடாமல் ஏசி முடித்த பிறகுதான் இளகிக் கொடுத்தது. ஸ்பேனருக்கே மசியாததை எந்தக் காற்று திருப்பியது என்று அவளுக்குக் கேட்கத் தோன்றியது. ஆனால் அவளுக்கு வேண்டியது மகனுடைய முகம், அவ்வளவுதான்.

ஜெயரூபன் பதுளையில் ஷுக்ரி நானாவின் கடையில் வேலை செய்கிறான். மழை பிடித்த அன்று காலையில் நீலச் சட்டையோடு போனவன் திரும்பவில்லை. அதற்குப் பிறகு ரோடு போனது, கரண்ட் போனது, போன் டவரும் போனது. தயாபரனின் ஆட்டோவில் இருந்த ரேடியோ, மண் சரிந்த ஊர்களின் பெயரை வரிசையாகச் சொன்னது. அதில் பதுளையும் இருந்தது. ஊர் பேரைச் சொல்கிறவனுக்கு ஆள் பேரைச் சொன்னால் வாயா வலிக்கும் என்று அவள் ரேடியோக்காரனைத் திட்டித் தீர்த்தாள். டிவியில் முகாம்களில் இருக்கிறவர்களை முகம் முகமாகக் காட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் பரணில் கிடந்த ரிசீவர் பெட்டியை இறக்கினாள். தயாபரன் ஆட்டோ பேட்டரியைக் கழற்றி அதற்கும் சின்ன டிவிக்கும் வயர் கொடுத்தான். காசு கட்டாவிட்டாலும் நியூஸ் சேனல் ஒன்று சும்மா வரும்.

லயத்தில் வேறு ஒரு குஞ்சும் இல்லை. மலை சரியலாம், உடனே கிளம்புங்கள் என்று ஆட்கள் வந்து சொன்னதும் எல்லோரும் கீழே கோயில் மண்டபத்துக்குப் போய்விட்டார்கள். பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் ஜீவராணி பாயைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வாங்கக்கா. தம்பி வந்தா அங்க வந்து தேடிக்குவான்."

"அவன் நனைஞ்சுக்கிட்டு வந்து நிக்கிறப்ப வீடு பூட்டிக் கெடந்தா என்னா நெனப்பான்? நீ போ. அவன் வரட்டும், சேர்ந்து வாறோம்."

இப்போது அவள் தரையில் உட்கார்ந்து, டிவியில் தெரிந்த சிவப்புக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிக்னல் கிடைத்தால் அது வளர்ந்து பச்சையாகும். கூரைத் தகரத்தில் மழை கொட்டும் சத்தத்தையும் மீறி வெளியிலிருந்து தயாபரனின் குரல் வந்தது.

"தெரியுதா?"

"இல்லீங்க. இன்னங் கொஞ்சம் திருப்புங்க."

கட்டம் துடித்தது. வளர்ந்தது. பச்சை. ஒரு பள்ளிக்கூட மண்டபம், பாய்கள், ஈரத் துணி காயும் கயிறு, தலையில் துண்டைப் போட்டு உட்கார்ந்திருக்கும் சனங்கள். அவள் மூக்கு கண்ணாடியில் முட்டும் அளவுக்குக் குனிந்தாள். ஒரு முகம், இன்னொரு முகம், அடுத்தது ஒரு நீலச் சட்டை. அதற்குள் படம் சில்லுச் சில்லாக உடைந்து நின்றுவிட்டது.

"ஏங்க, ஏன் ஆட்டுறீங்க?"

"நான் எங்க ஆட்டுனேன்? இறுக்கிட்டுக் கைய எடுத்துட்டேன்."

அவள் எழுந்து வாசலை ஒட்டிய இஸ்தோப்பில் நின்று பார்த்தாள். நட்டு இறுகித்தான் இருந்தது. அவன் திருப்பிய அளவுக்கு மஞ்சள் கோடுகள் ஒரு விரல் விலகியிருந்தன. அப்படியும் டிஷ் சிம்னியை விட்டு, முன்பு தள்ளி நின்ற அதே பக்கமாக மறுபடியும் தள்ளி நின்றது. அவன் திரும்பவும் இளக்கி, திருப்பி, இறுக்கினான். படம் வந்தது. போனது. இன்னொரு தடவை. கோடுகளுக்கு இடையே இப்போது நாலு விரலை வைக்கலாம். ஒவ்வொரு தடவையும் அதே பக்கம்தான்.

மலை ஊற்றுப் பீலியில் தண்ணீர் விழும் சத்தம் எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை. இத்தனை மழைக்குள் அது வற்றியிருந்தது. புதுக்குழி வெட்டினால் வருமே ஒரு மண்வாடை, அது பின்சுவர்ப் பக்கமிருந்து காம்பராவுக்குள் வந்து, அடுப்புப் புகையின் வாடையையும் அமுக்கிக்கொண்டு தரையோடு தங்கியது. மேலே தேயிலைக்குள் எங்கோ பட்டென்று ஒன்று அறுந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. வேர் அறுகிற சத்தம் அவளுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொண்டாள். அந்த நீலச் சட்டை யாருடையது என்று பார்க்காமல் அவளால் எழுந்திருக்க முடியாது.

பொழுது இருட்டிக்கொண்டு வந்தது. கடைசியில் தயாபரன் டிஷ்ஷை ஆத்திரத்தோடு ஒரேயடியாகச் சிம்னியையும் தாண்டி எதிர்ப்பக்கம் தள்ளி இறுக்கிவிட்டு உள்ளே வந்தான். கதவைச் சாத்த இரண்டு கையும் தோளும் வேண்டியிருந்தது.

"போதும் விஜயா. என்னால ஆகல," என்றான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. கையில் ஸ்பேனர் இருந்தது.

அவள் கண் திரையிலேயே இருந்தது.

சிவப்புக் கட்டம் வளர்ந்துகொண்டிருந்தது.

மெதுவாக. நிதானமாக. யாரோ வெளியே நின்று பார்த்துப் பார்த்துத் திருப்புகிற மாதிரி.

"வெளிய யாருங்க?" என்றாள்.

"யாரும் இல்ல."

பச்சை. படம் வந்தது. துளி பிசிறு இல்லை. அதே மண்டபம். மூலையில் 'இன்று காலை' என்று போட்டிருந்தது. நீலச் சட்டை. மைக்கைப் பார்த்துக் கூச்சத்தோடு நிற்கிற அவள் பிள்ளை.

விஜயலெட்சுமி கண்ணாடியில் கையை வைத்தாள். பெற்ற வயிறு குளிர்ந்தது. மாரியாத்தா, மாரியாத்தா என்று வாய் முணுமுணுத்தது.

"அம்மாவும் அப்பாவும் மேல லயத்துலதான் இருப்பாங்க," என்றான் ஜெயரூபன். "நான் வராம அம்மா எறங்க மாட்டாங்க. எனக்குத் தெரியும். ரோடு இல்லாட்டிப் பரவால்ல, நடந்தே போய்க் கூட்டிட்டு வந்துருவேன்."

காலையில் சொன்னது. இப்போது இருட்டப் போகிறது.

"கெளம்புங்க," என்றாள். "பாதையிலயே மறிச்சிரணும். மேல ஏற விடக் கூடாது."

தயாபரன் கதவை இழுத்தான். திறக்கவில்லை. உதைத்தான். நிலை சாய்ந்து கதவைக் கவ்விக்கொண்டிருந்தது. பின்னால் படம் உடைந்தது. கட்டம் மெதுவாக இறங்கியது. பச்சை போய் மறுபடியும் சிவப்பு.

அப்போதுதான் அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த ஜன்னலில் தெரிவது பீலியும் சவுக்கு மரங்களும்தான். பேக்டரிப் பக்கம் தெரியாது. தெரியவே தெரியாது.

பனி விலகியிருந்தது. ஜன்னலின் ஓரத்துக் கம்பியை ஒட்டி, கறுப்பாக, சிம்னி நின்றது.

அடுத்த கம்பிக்கு வந்தது.

டிஷ் திரும்பவில்லை. ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. கம்பம் நட்ட மண் திரும்பிக்கொண்டிருந்தது. அதோடு லயமும், லயத்துக்குள் அவளும்.

"ஏங்க," என்றாள்.

சிம்னி நடுக்கம்பிக்கு வந்தது. அதன் காலடியில் பேக்டரியிலிருந்து மேலே ஏறி வரும் படிக்கட்டு. படிக்கட்டில் ஒரு டார்ச் வெளிச்சம்.

"அம்மா," என்று கீழேயிருந்து குரல் கேட்டது. "அம்மோவ்."

அவள் ஜன்னல் கம்பியில் முகத்தை அழுத்தி, நெஞ்சு கிழியக் கத்தினாள். வராதே என்றாள். போயிரு சாமி, அப்படியே திரும்பிப் போயிரு என்றாள். தலைக்கு மேல் வேர்கள் ஒன்றாக அறுந்துகொண்டிருந்தன. மழைக்குள் ஒரு வார்த்தைகூடக் கீழே போய்ச் சேரவில்லை. அம்மா கத்துகிறாள் என்பது மட்டும் போய்ச் சேர்ந்தது.

டார்ச் ஒரு நொடி நின்றது.

பிறகு இரண்டிரண்டு படியாகத் தாவி, அவளை நோக்கி ஓடி வரத் தொடங்கியது.