பின்னறைக்குப் போட்ட லைன்

வீட்டின் பின்பக்கம் ஈர மண்ணில் கிடந்த இரும்பு பைப்பின் வாய்க்குள்ளிருந்து அவனுடைய அப்பா செருமினார்.

ஏஜென்ட் நின்றுவிட்டான். அப்பா இருப்பது வீட்டின் முன்னறையில், கட்டிலில். வாதம் வந்து வலப்பக்கமும் நாக்கும் விழுந்துபோன பின் அந்த மனிதரிடம் மிச்சமிருந்த ஒரே பேச்சு அந்தச் செருமல்தான். முரட்டுத்தனமாகத் தொடங்கி, ஏதோ சொல்ல வருவது போல இழுத்து, ஒன்றும் சொல்லாமல் முடியும். வெறும் பைப்பில் சத்தம் ஓடத்தான் செய்யும், இதில் என்ன அதிசயம் என்று தன்னையே அதட்டிக்கொண்டான். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு இணைப்பு இன்னும் மாட்டாமல் திறந்துதான் கிடந்தது. ஆனாலும் அது முன்னறையிலிருந்து ஓடிவந்த சத்தமாக இல்லை. கையை உள்ளே விட்டால் முகம் தட்டுப்படும் என்கிற அளவுக்குப் பக்கத்தில் இருந்தது.

அவன் இன்சூரன்ஸ் ஏஜென்ட். ஊரே அவனை ஏஜென்ட் என்றுதான் கூப்பிடும், அதில் அவனுக்குப் பெருமை வேறு. "நாளைக்கு உங்களுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா..." என்று சிரித்த முகத்தோடு பேச்சைத் தொடங்குவான், கையெழுத்து வாங்காமல் எழுந்திருக்க மாட்டான். அப்பா சைக்கிள் கடை வைத்திருந்தவர். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "என் பையன் பேசியே பொழைச்சுக்குவான், கையால ஒரு வேலை தெரியாது" என்று சொல்லிச் சிரித்தவர். அப்படிச் சிரித்தவருக்கே நாக்கு விழுந்ததில் ஏஜென்டுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் இருந்தது. ஆனால் கண் விழவில்லை. கட்டிலில் கிடந்தபடியே அந்தக் கண்கள் அவனை மேலும் கீழும் அளந்தன, பஞ்சர் ஒட்டக்கூட லாயக்கில்லாத ட்யூபைப் பார்ப்பது போல.

வீட்டில் காற்றும் வெளிச்சமும் உள்ள இடம் அந்த முன்னறைதான். பாலிசி எடுக்க வருகிறவர்கள் உட்கார வேண்டிய இடம். அங்கே மருந்து நாற்றமும் மூத்திர நாற்றமுமாக ஒரு கட்டில் கிடந்தால் எவன் உட்காருவான்? அதனால் பின்பக்கத்தில், மூன்று பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர்கள் நெருக்குகிற துண்டு நிலத்தில், அப்பாவுக்கு ஒரு அறை. ஜன்னல் வைக்க வழியில்லை. "அதுக்கு எதுக்கு ஜன்னல்?" என்றான் பெண்டாட்டியிடம். அப்பாவை அவன் 'அது' என்று சொல்லத் தொடங்கி வெகுகாலம் ஆகிவிட்டது.

மண் இளகலாக இருக்கிறது, தரையைத் தடிமனாகக் கான்கிரீட்டில் போட்டால்தான் நிற்கும் என்றார் கொத்தனார். கான்கிரீட் லாரியோ சந்துக்குள் மூக்கைக்கூட நுழைக்காது. சட்டியில் சுமக்கட்டுமே என்றான் ஏஜென்ட். "இந்தச் சந்துல வந்து, வீட்டுக்குள்ள பூந்து, அவ்வளவு கலவையையும் எவன் சுமப்பான்? நீங்க சுமக்கிறீங்களா?" என்று கேட்டார் கொத்தனார். கேள்வியே தன் தகுதிக்குக் குறைவு என்பது போல ஏஜென்ட் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அப்படித்தான் லைன் பம்ப் வாடகைக்கு வந்தது. பம்ப் தெருமுனையில் நிற்கும். லாரி அதன் தொட்டியில் கான்கிரீட்டைக் கொட்டும். பைப் பைப்பாகக் கோத்த லைன் சந்து வழியே வந்து, வாசற்படி ஏறி, முன்னறைக் கட்டிலை ஒட்டி, நடையைக் கடந்து, சமையலறையைத் தாண்டிப் பின்பக்கம் போகும். "போக முடியாத எடம்னு ஒண்ணு கிடையாது சார். இங்க விட்டா அங்க துப்பிடும்" என்றார் ஆபரேட்டர். கண்ணைப் பாதி மூடிக்கொண்டே பேசுகிற ஆள். எதிரில் நிற்பவனை முழுக் கண்ணால் பார்ப்பது தண்டம் என்று நினைத்தாரோ என்னவோ. ஏஜென்டுக்கு அவரைக் கண்டதுமே பிடிக்கவில்லை. அலட்சியம் காட்டுவதில் தன்னை மிஞ்சுகிறவர்களை அவனுக்குப் பிடிக்காது.

பைப் போட வந்தவர்கள் கண்ணில் படாமலிருக்கக் கட்டிலுக்கு முன்னால் திரையை இழுத்துவிட்டிருந்தான். பூப்போட்ட திரை. பாலிசி எடுக்க வருகிறவர்களுக்காகவே வாங்கியது.

"லைன் ஓடும்போது வீட்டுக்குள்ள யாரும் இருக்கக் கூடாது" என்றார் ஆபரேட்டர். "கிளாம்ப் தெறிச்சா ஆளு காலி. உள்ள யாராவது இருக்காங்களா?"

பெண்டாட்டி வாயைத் திறந்தாள். "மாமாவ பக்கத்து வீட்டுல கொஞ்ச நேரம் படுக்க வைக்கலாங்க" என்று காலையிலிருந்தே நச்சரித்துக்கொண்டிருந்தவள். படுக்க வைக்கலாம்தான். கட்டிலோடு தூக்க நாலு பேர் வேண்டும், அந்த நாலு பேரிடம் பல்லைக் காட்ட வேண்டும், தெருவே நின்று வேடிக்கை பார்க்கும்.

"யாருமில்ல" என்றான் ஏஜென்ட். "நீங்க ஓட்டுங்க."

அவள் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள். இவளெல்லாம் ஒரு ஆளா என்று நினைத்துக்கொண்டான்.

கட்டிலருகே இருந்த கடைசி இணைப்பையும் கிளாம்ப் போட்டு இறுக்கினார்கள். ஏஜென்ட் பின்பக்கம் போய்ப் பைப்பின் வாயருகே நின்றான். இப்போது ஒன்றும் கேட்காது என்று நிச்சயமாக நம்பினான்.

மறுபடியும் செருமல்.

லைனுக்கு வழுக்கல் கொடுக்க முதலில் சிமென்ட் பால் வந்தது. பிறகு பம்ப் முக்கத் தொடங்கியது, தெருமுனையில் எழுந்த அந்த முக்கல் சந்துச் சுவர்களில் இடித்து வீட்டுக்குள் நுழைய, ஒவ்வொரு தள்ளலுக்கும் பைப் தரையிலிருந்து விரல் உயரம் எழும்பி விழ, ஜல்லி இரும்பை அறுத்துக்கொண்டு ஓடுகிற கரகரப்பு சமையலறை அலமாரியின் பாத்திரங்களையெல்லாம் நடுக்க, ஈரச் சிமென்டின் கசந்த வாடை வீடெங்கும் பரவி மருந்து நாற்றத்தையும் மூடிவிட்டது. அது ஒன்றுதான் நல்ல காரியம் என்று ஏஜென்ட் நினைத்தான். பின்பக்கம் ரப்பர் ஹோஸைத் தோளில் தாங்கிக்கொண்டு ஒருவன் ஆட்ட, சாம்பல் நிறக் குழம்பு பலகைகளுக்கு நடுவே விழுந்து மெதுவாகப் படர்ந்தது.

தரையின் டைல்ஸில் கீறல் விழுகிறதா என்று பார்க்கத்தான் உள்ளே போனான். அப்பாவைப் பார்க்க அல்ல. இதை அவன் தனக்கே ஒருமுறை சொல்லிக்கொண்டான்.

திரையை விலக்கினான். வெளியே மேகம் மூடிய மாலை. ஜன்னல் வெளிச்சம் போர்வையின் மேல் அழுக்குத் தண்ணீர் போலக் கிடந்தது. பம்ப் தள்ளியது, பைப் எழும்பியது, அப்பாவின் மார்பு உயர்ந்தது. பைப் விழுந்தது, மார்பு இறங்கியது. கட்டில் அதிர்வதால் அப்படித் தோன்றுகிறது என்று கட்டிலின் சட்டத்தைப் பிடித்துப் பார்த்தான். சட்டம் அசையவில்லை. மாதக்கணக்காக இழுத்து இழுத்து, விட்டு விட்டு வந்த மூச்சு, இப்போது ஒரு சீராக, பம்ப்போடு பம்ப்பாக வந்தது.

தெருமுனையில் பம்ப் நின்றது. லாரி மாறுகிறது போலிருக்கிறது.

மார்பு பாதி உயர்ந்த நிலையில் நின்றது.

ஏஜென்ட் காத்திருந்தான். சுவர்க் கடிகாரம் ஓடுவது கேட்டது. அப்பாவின் கண்கள் திறந்திருந்தன, அவனையே பார்த்தன. அந்தக் கண்களில் ஏளனம் இல்லை. வாழ்நாளில் முதல் தடவையாக இல்லை. எதையோ கேட்டன. ஏளனத்தைத் தாங்கப் பழகியவனுக்கு இதை எப்படித் தாங்குவதென்று தெரியவில்லை. நெஞ்சை அழுத்தவா, தட்டவா? கையால் ஒரு வேலை தெரியாது.

பம்ப் மறுபடி முக்கியது. மார்பு எழும்பியது.

அவன் ஓடினான். பைப்பைத் தாண்டி, சந்தில் சுவரை உரசி, செருப்பில்லாமல்.

"நிறுத்தாதீங்க!"

ஆபரேட்டர் பாதிக் கண்ணால் பார்த்தார். "எவன் நிறுத்தினான்? ஓடிக்கிட்டுத்தான இருக்கு?"

"தொடர்ந்து ஓடட்டும். இன்னொரு லாரி சொல்லுங்க."

"எதுக்கு? இதுவே கடைசி லோடு. பலகை மட்டத்துக்கு வந்தாச்சுன்னு கொத்தனார் போன் பண்ணிட்டார். இன்னொண்ணை எங்க ஊத்துறது, உங்க தலையிலயா?" லாரிக்காரன் சிரித்தான்.

"இல்ல, உள்ள..."

"உள்ள?"

சொல்ல வேண்டியது நாலே வார்த்தை. யாருமில்லை என்று சொன்ன வாய். முன்பின் தெரியாதவனிடம் அவன் சாவைப் பற்றியே கூசாமல் பேசுகிற வாய். இந்தப் பாதிக் கண்காரன் என்ன நினைப்பான், லாரிக்காரன் ஊரெல்லாம் போய் என்ன சொல்லுவான் என்று அந்த நேரத்திலும் அது கணக்குப் போட்டது. தூ!

"ஒண்ணுமில்ல" என்றான்.

தொட்டியின் அடியை மண்வெட்டி சுரண்டும் சத்தம் முதுகில் கேட்க, திரும்பி வீட்டுக்குள் ஓடினான். அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டான். எத்தனையோ நாளுக்குப் பிறகு தொடுகிறான். தள்ளல்களுக்கு நடுவே இடைவெளி நீண்டது. மூச்சுக்கு நடுவேயும்.

பம்ப் நின்றது. இந்தத் தடவை எஞ்சின் தொனி மாறியது. லைனைக் கழுவப் போகிறார்கள். ஈர ஸ்பாஞ்ச் பந்தை பைப்புக்குள் திணித்துத் தண்ணீரால் தள்ளுவார்கள். உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும் மிச்சத்தையெல்லாம் அது வழித்துக்கொண்டு போய்ப் பின்பக்கம் சேர்க்கும்.

பந்து வருவது கேட்டது.

சந்தில். மெதுவாக. வாசற்படியில் ஏறியது. அறைக்குள் வந்தது. அப்பாவின் வாய் திறந்தது. பந்து கட்டிலின் தலைமாட்டைத் தொட்டது. தோள் அவன் கைக்குள் சில்லிட்டது. கட்டிலைக் கடந்தது. வழித்துக்கொண்டே. நடை. சமையலறை.

பின்பக்கம் ஹோஸ் 'ப்ளக்' என்று எதையோ கக்கியது.

"வந்துருச்சு!" என்று எவனோ கத்தினான்.

பைப்புகளைக் கழற்ற ஆட்கள் வந்தபோது ஏஜென்ட் திரைக்கு முன்னால் நின்றுகொண்டான். அதையும் செய்தான். ஒவ்வொரு பைப்பாகத் தோளில் போட்டுக்கொண்டு போனார்கள். தூறல் விழத் தொடங்கியது. கொத்தனார் தரையை மட்டப்பலகையால் இழுத்துவிட்டு, மேலே பிளாஸ்டிக் ஷீட்டை விரித்து, ஓரங்களில் செங்கல் வைத்துவிட்டு வந்தார்.

"காலைல ஏறி நடக்கலாம். பெரியவர் எப்ப குடிவர்றார்?"

பதிலுக்கு நிற்காமலே கிளம்பிவிட்டார்.

வீடு அடங்கியது. திரைக்குப் பின்னால் போனான். அப்பாவின் கையைத் தூக்கினான். கை மட்டும் வரவில்லை, உடம்பு மொத்தமும் ஒரே பாளமாக அசைந்தது. கட்டில் கிறீச்சிட்டது. தோல் சாம்பல் நிறம். விரல் முட்டியால் மார்பைத் தட்டினான், ஏன் தட்டினான் என்று தெரியாது. சுவரைத் தட்டிய சத்தம் வந்தது.

அப்போது பின்பக்கம் ஷீட் சரசரத்தது.

காற்று என்று நினைத்தான். நடையில் காற்றே இல்லை. சமையலறைக் கதவைத் தாண்டினான். தூறல் ஷீட்டின் மேல் முத்து முத்தாக நின்றது. நடுவில், கட்டில் போட நினைத்திருந்த இடத்தில், ஷீட் மெல்ல எழும்பியது. தண்ணீர் நாலு பக்கமும் வழிந்து ஓடியது. மெல்ல இறங்கியது. பள்ளமாயிற்று. தண்ணீர் திரும்பி வந்து தேங்கியது.

எழும்பியது. இறங்கியது.

செங்கல்லைத் தள்ளி ஷீட்டை விலக்கினான். அடியில் துணியோ, காற்றோ இல்லை. கான்கிரீட்தான். கொத்தனார் இழுத்த மட்டத்தின் மேல் ஒரு விரிசலும் இல்லாமல் எழும்பி இறங்கியது. தொட்டான். வெதுவெதுப்பு. ஓரங்கள் ஏற்கெனவே இறுகியிருந்தன. நடுவில் மட்டும் இளக்கம். தோண்ட வேண்டும். எதைக் கொண்டு? எங்கே? ஒவ்வொரு எழுச்சியும் முந்தியதைவிடச் சிறியதாக இருந்தது.

மண்டியிட்டான். வாய் வரவில்லை. இத்தனை வருஷம் ஊரையே பேசிச் சாய்த்த வாய்.

"அப்பா" என்றான்.

தரை எழும்பியது. இதுவரை எழும்பாத அளவுக்கு. நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டு, கடைசியில் எதையோ சொல்லிவிடப் போகிறவரைப் போல உப்பி, அப்படியே நின்றது. அவன் கையை எடுக்காமல் காத்திருந்தான். உள்ளங்கைக்குக் கீழே அது குளிர்ந்தது. பிறகு சொரசொரத்தது. பிறகு இறுகியது.

இறங்கவில்லை.