முன்சக்கரத்துத் தண்ணீர்

மதிவதனி தன் அக்காவின் ஷூ போட்ட கால்களைத் தனித்தனிப் பாலிதீன் கவருக்குள் நுழைத்து, கணுக்காலில் ரப்பர் பேண்டு மாட்டினாள்.

"இன்னாடி இது? என் கால பார்சல் கட்றியா?" என்றாள் அக்கா சசிகலா.

"குருமா சிந்தக் கூடாதுல்ல. ஏறு, பஸ்ஸு போயிடும்."

வடக்குப்பட்டில் ஒரு வாரமாக மழை. மார்கழிக் குளிர் வேறு. தினமும் விடிகாலையில் சசிகலா சைக்கிள் மிதிப்பாள், மதி பின்னால் கேரியரில் உட்கார்ந்துகொள்வாள். ஒரகடம் ரோட்டில் அக்கா கம்பெனி பஸ் ஏறியதும், மதி சைக்கிளைத் திரும்ப ஓட்டிவந்து பள்ளிக்கூடம் போவாள். வீட்டில் இருப்பது ஒரே சைக்கிள்.

கம்பெனி கொடுத்த கறுப்பு ஷூவும் ஒரே ஜோடிதான். நனைந்த ஷூவோடு நாள் முழுக்க நின்று வேலை பார்த்ததில், சசிகலாவின் விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண்.

"செருப்பு போட்டுக்கினு போய், பஸ்ல ஷூ மாட்டிக்கோயேன்க்கா."

"புண்ணுல சேத்துத் தண்ணி பட்டா உயிர் போவுதுடி. கம்பெனி நர்ஸு கால நனைக்கவே கூடாதுன்னுட்டாங்க."

பாதி வழி வரை கவர் நன்றாகத்தான் இருந்தது. பிறகு அதன் காது ஒன்று அவிழ்ந்து செயினுக்குள் போனது. பெடல் சட்டென்று நின்றது. சைக்கிள் ஒருபக்கம் சாய்ந்தது. பின்னால் ஒரு கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது.

"அக்கா, கால ஊனு."

சசிகலா ஊன்றினாள். குட்டைக்குள் கணுக்கால் வரை கால் இறங்கியது. லாரி உரசுவதுபோலக் கடந்து போனது. மதி செயினில் சிக்கிய கவரைப் பிய்த்து எடுத்தாள்.

பஸ்ஸின் முன்சீட்டில் சூப்பர்வைசர் ரத்தினம் உட்கார்ந்திருந்தார். நொண்டிக்கொண்டே ஏறியவளின் காலில் கிழிந்த கவரையும், ஷூவிலிருந்து வழிந்த தண்ணீரையும் பார்த்தார்.

"நாளைக்கும் ஈர ஷூவோட வந்தீன்னா லைன்ல நிக்க வுடமாட்டேன்மா. புண்ணு பெரிசாச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

கீழே நின்ற மதிக்கும் அது கேட்டது. இந்த வாரத்தோடு அக்காவுக்குப் பயிற்சி முடிகிறது. இப்போது திருப்பி அனுப்பினால், பிறகு வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள்.

திரும்பி வரும்போது மழை விட்டிருந்தது. ஆனால் மதியின் கால்களில் மட்டும் சில்லென்று தண்ணீர் அடித்துக்கொண்டே இருந்தது.

மழையே இல்லை, தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

மிதிப்பதை நிறுத்திக் குனிந்து பார்த்தாள். முன்சக்கரம் ரோட்டுத் தண்ணீரை அள்ளி நேராக அவள் விரல்கள்மேல் வீசியது. அதைத் தடுக்க வேண்டிய மட்கார்டு துருப்பிடித்து, பாதியிலேயே முடிந்துபோயிருந்தது. பக்கத்தில் போன லாரியைப் பார்த்தாள். அதன் சக்கரத்துக்குப் பின்னால் கறுப்பு ரப்பர் ஒன்று தரைவரை தொங்கியது.

நேராக அண்ணாதுரையின் பஞ்சர் கடைக்குப் போனாள்.

"அண்ணா, கிழிஞ்ச லாரி ட்யூப்ல ஒரு துண்டு தர்றீங்களா?"

"எதுக்கு? உன் சைக்கிள லாரியாக்கப் போறியா?"

"தாடி வைக்கப் போறேன்."

அவர் சிரித்துக்கொண்டே, அவள் காட்டிய அளவுக்கு வெட்டிக் கொடுத்தார். மதி அதை மட்கார்டின் நுனியில் கம்பியால் கட்டினாள். சாயங்காலம் அக்காவின் ஷூவுக்குள் செய்தித்தாளைத் திணித்து வைத்தாள். தாள் நனைய நனைய வேறு தாள் மாற்றினாள். காய்ந்த சாக்ஸ் இன்னொரு ஜோடியையும் கவரில் சுற்றி அக்காவின் பையில் வைத்தாள்.

மறுநாள் காலையில் சைக்கிளைப் பார்த்ததும் சசிகலா நின்றுவிட்டாள்.

"இத்த வெச்சிக்கினு நான் ரோட்ல போவணுமா?"

"சைக்கிளுக்குத்தானே தாடி, உனக்கு இல்லியே. ஏறுக்கா."

வழியெல்லாம் சக்கரம் வீசிய தண்ணீர் ரப்பரில் பட்டுத் தரையிலேயே விழுந்தது. சசிகலா அடிக்கடி குனிந்து பார்த்தாள். ஷூவில் ஒரு துளிகூட இல்லை.

ஆனால் சிறுபாலத்துக்கு அருகே சசிகலா பிரேக் பிடித்தாள். ராத்திரி பெய்த மழையில் ஏரித் தண்ணீர் ரோட்டை மூடியிருந்தது. பெடலை மிதித்தால் கால் முழுகிவிடும். அந்தப் பக்கம் பனிமூட்டத்தில் கம்பெனி பஸ்ஸின் விளக்கு தெரிந்தது.

"அவ்ளோதான் மதி," என்றாள் சசிகலா.

மதி கேரியரிலிருந்து குதித்தாள். செருப்பைக் கழற்றிச் சைக்கிளின் முன்கூடையில் போட்டாள்.

"மிதிக்காத. ரெண்டு காலையும் கூடை மேல வெச்சிக்கோ. நான் தள்றேன்."

"நீயா? வுழுந்துடுவோம்டி."

"ஹேண்டில புடிச்சிக்கினு ஆடாம உக்காரு. போதும்."

தண்ணீர் ஊசியாய்க் குத்தியது. மதி கேரியரைப் பிடித்துத் தள்ளினாள். அக்கா கனமாக இருந்தாள். நடுவில் முன்சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி, சைக்கிள் சாய்ந்தது. மதி சட்டென்று தோளைக் கொடுத்துத் தாங்கினாள். பஸ் ஹாரன் அடித்தது.

"மதி, போயிடப் போவுது."

மதி பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினாள். சக்கரம் பள்ளத்திலிருந்து மேலே ஏறியது. சசிகலா கூடைமேல் கால் நீட்டி, ஊர்வலம் போகிறவள்போலக் கரை சேர்ந்தாள். பஸ்ஸில் இருந்த பெண்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துக் கைதட்டினார்கள்.

சசிகலா படியேறினாள். ரத்தினம் குனிந்து ஷூவைப் பார்த்தார். வெளியே தெரிந்த தண்ணீரையும் பார்த்தார்.

"இன்னாம்மா, பறந்து வந்தியா?"

"இல்ல சார். தங்கச்சி தள்ளிக்கினு வந்தா."

அவர் மதியை எட்டிப் பார்த்துவிட்டு, "சரி, போய் உக்காரு. வண்டிய எடுப்பா," என்றார்.

பஸ் நகர்ந்தது. ஜன்னலிலிருந்து ஒரு சின்னப் பொட்டலம் பறந்து வந்து மதியின் கையில் விழுந்தது.

"எனக்குத் தேவப்படல. நீ போட்டுக்கோ," என்று அக்கா கத்தினாள். உலர்ந்த சாக்ஸ்.

மதி தன் கால்களைப் பார்த்தாள். முழங்கால் வரை சேறு. வீட்டுக்குப் போக அதே தண்ணீரைத்தான் மறுபடி தாண்ட வேண்டும்.

கொஞ்சம் யோசித்தாள். பிறகு சாக்ஸை இரண்டு கைகளிலும் மாட்டிக்கொண்டு, கதகதப்பாக ஹேண்டில்பாரைப் பிடித்து, மணியடித்துக்கொண்டே வீட்டுக்குக் கிளம்பினாள்.