கேரியரில் கனம்

நாயுடுபேட்டை தாண்டியதிலிருந்தே பின் டயர் சப்பையாகிக்கொண்டு வந்தது.

ராஜவேலு இறங்கிக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான். கல்லு மாதிரி இருந்தது. ஏறி நாலு மிதி மிதித்ததும் டயர் பிதுங்கி, ரிம் தரையில் இடித்துத் தொம் தொம்மென்று சத்தம் போட்டது. நேற்றே வாய்க்காலில் டியூபை முக்கிப் பார்த்தாயிற்று. ஒரு குமிழிகூட வரவில்லை. கேரியரில் இருந்ததோ ஒரே ஒரு பித்தளைக் குடம். ஒரு குடம் தண்ணீர் என்ன கனம் இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். இது அந்தக் கனம் இல்லை.

"இன்னாடா, நின்னு நின்னு வந்துகினு இருக்கே? கிருத்திகைக்குள்ள மலையேற வாணாவா?" என்று முன்னாலிருந்து பாவா சத்தம் போட்டார்.

"ஆங், வந்துட்டேன் பாவா."

பாவா என்றால் பக்தவச்சலம், அக்கா தேவகியின் புருஷன். திருத்தணியில் தெலுங்கு பேசும் நெசவுக்காரக் குடும்பம். அவர்கள் முன்னோர் வடக்கே வெகு தூரத்தில், தெலுங்கு நாட்டுப் பீமிலிக் கடற்கரைப் பக்கமிருந்து வந்தவர்களாம். பிள்ளை தங்காத வீடென்றால் அந்தக் கடலில் தண்ணீர் மொண்டு வந்து, ஆடிக் கிருத்திகையில் தணிகை முருகனுக்கு அபிஷேகம் செய்ய வேண்டும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். தேவகிக்குப் பிறந்த இரண்டும் தொட்டிலைக் காணாமலே போய்விட்டன. இது மூன்றாவது, நிறைமாதம். சண்டைக் காலம்; ரயிலெல்லாம் பட்டாளத்துக்காரர்கள் கூட்டம், பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் பஸ்ஸோ பாதி வழியில் படுத்துவிடும். அதனால்தான் மச்சானும் பாவாவுமாக இரண்டு சைக்கிளில் கிளம்பினார்கள். தாயில்லாத ராஜவேலுவை இடுப்பிலேயே வைத்து வளர்த்தவள் தேவகி. அவளுக்காக என்றால் அவன் லங்கைக்கும் மிதித்திருப்பான்.

வழக்கத்துக்கு மூன்று கட்டு உண்டு. குடம் தரையில் படக்கூடாது. தண்ணீர் குடத்தின் கழுத்துக்குக் கீழே குறையக்கூடாது. மலையேறும் முன் வயிற்றுப்பிள்ளைக்காரி அதை மடியில் வாங்கிக் கொடுக்க வேண்டும்.

முதல் இரண்டையும் ராஜவேலு பீமிலியை விட்ட அன்றைக்கே கெடுத்துவிட்டான். அங்கே பாதை கடலை ஒட்டிய குன்றுகளில் ஏறி ஏறி இறங்கும். செம்மண் சரிவில் பிரேக் பிடிக்காமல் விழுந்தான். குடம் உருண்டு பாதித் தண்ணீர் மண்ணுக்குள் போயிற்று. பாவா வளைவுக்கு அப்பால் போய்விட்டிருந்தார். கடல் எங்கோ கீழே இருந்தது. பக்கத்துப் பாறைக்குழியில் கலங்கலாய்க் கொஞ்சம் தண்ணீர். நாக்கில் வைத்தான், உப்புக் கரித்தது. எல்லாம் கடல் தண்ணீர்தானே என்று அள்ளி ஊற்றித் துணி கட்டினான். நிமிர்ந்தபோதுதான் குழியைச் சுற்றியிருந்த மண்மேடுகள் கண்ணில் பட்டன. ஒவ்வொன்றும் ஒரு முழம்தான். நரி தோண்டாமலிருக்க மேலே முள் வெட்டிப் போட்டிருந்தது. ஒரு முழ மேட்டில் யாரைப் புதைப்பார்கள் என்று தெரிந்துதான் சைக்கிளில் ஏறினான். பாவாவிடம் மூச்சு விடவில்லை.

காளாஸ்திரிக்கு வரும்போது சட்டையின் பின்புறம் ஈரமாகியிருந்தது. வியர்வை முதுகில் அல்லவா ஊறும்? இது இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, இரண்டு பக்கமும், உள்ளங்கை அகலத்தில் இருந்தது. காய்ந்ததும் உப்புப் பூத்தது. மறுபடி நனைந்தது. நாற்றம் வேறு. செத்த மீனும் கடற்பாசியும் கலந்த வீச்சத்துக்கு அடியில், பால் கக்கின குழந்தையின் புளிப்பு வாடை. அந்த வாடை அவனுக்குப் பிடிக்கும், அக்கா பிள்ளைக்கு வரும் என்று காத்திருந்த வாடை அது. அதனாலேயே மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு மிதித்தான். சரிவு வந்து வண்டி தானாக ஓடினால் பின்னால் ஏதோ சந்தோஷப்படுவதுபோல் இடுப்பை இறுக்கிக்கொள்ளும். குனிந்து பார்த்தான். அவன் வேட்டி மட்டும்தான் இருந்தது.

புத்தூருக்கு முன்னால் புளியமரத்தடியில் ஒருத்தி மோர் விற்றுக்கொண்டிருந்தாள். கிளையில் தூளி, அதில் அவள் குழந்தை. நல்ல உச்சி வெயில். ராஜவேலு குவளையை வாயில் வைத்தான். பின்னால் புஸ்ஸென்று ஒரு சத்தம், டயர் நிமிர்கிற சத்தம். தூளி ஆடியது. காற்றே இல்லை. தூளி மெல்லக் கீழே இறங்கி, துணி விறைத்து, கிளை முனகியது.

அவள் ரவிக்கை நனைந்திருந்தது. "இன்னாமோ தெரில, பால் சுரந்துகினே கீது. புள்ள தூங்குதே," என்று வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

ராஜவேலு குவளையைக் கீழே வைத்தான். தூக்கு தாயே, பிள்ளையைத் தூக்கு என்று சொல்ல வாயைத் திறந்தான். சொன்னால் ஏன் என்று பாவா கேட்பாரே! வாயை மூடிக்கொண்டு வண்டியைத் தள்ளினான். நூறு கஜம் போவதற்குள் பின்னால் அவள் அலறல் கேட்டது. பாவா திரும்பிப் பார்த்தார். அதே நேரம் ராஜவேலுவின் பின் டயர் தொம்மென்று தரையில் அழுந்தியது. இடுப்பில் ஈரம்.

அந்தத் தாய் அதற்குப் போதவில்லை போலிருக்கிறது. அல்லது வெளியே வந்துவிட்ட பிள்ளையின் இடம் அதற்கு வேண்டாம் போலிருக்கிறது. இதை நினைத்ததும் அவனுக்கு அக்காவின் வயிறு கண்முன் வந்தது.

நகரியில் வண்டியை நிறுத்தினான். "பாவா, குடத்தைக் கொட்டிடலாம். தண்ணி கெட்டுப்போச்சி. நான் கீழ போட்டுட்டேன், வேற தண்ணி…"

பளாரென்று அறை விழுந்தது. "மிதிக்க முடியலன்னா அத்தச் சொல்லுடா! இது எம் புள்ள உசுருடா. கொட்டுறானாம்!" பாவாவின் கண் கலங்கியிருந்தது. மீதியைக் கேட்கும் நிலையில் அவர் இல்லை.

ராஜவேலு முடிவு செய்தான். திருத்தணி வந்ததும் நெசவுத் தெருவுக்குத் திரும்பாமல் அரக்கோணம் சாலையில் அடித்துக்கொண்டு போய், ஏதாவது ஏரியில் குடத்தோடு இறங்கிவிடுவது. அது தன்னை விடாவிட்டால் போகிறது. அக்கா பிழைத்தால் போதும். பல்லைக் கடித்து மிதித்தான். ஒவ்வொரு மேட்டிலும் கனம் கூடியது. தொடை கிழிந்தது. மலைக்கோயில் கண்ணில் பட்டது. காவடிக்காரர்களின் பம்பைச் சத்தம் கேட்டது. அப்புறம் சாலை சாய்ந்து முகத்தில் இடித்தது.

கண்ணைத் திறந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வேப்பமர நிழலில் கிடந்தான். ஒரு வண்டிக்காரன் அவன் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தான்.

"எம் பேரு வேடியப்பன். உன்னப் பாத்துக்கச் சொல்லிட்டு உங்க பாவா போனாருபா. பாவம், நல்ல மனுசன். தம்பி களைச்சிப் போய்ட்டான்னு கொடத்த அவரே கட்டிகினாரு."

ராஜவேலு தன் சைக்கிளைப் பார்த்தான். கேரியர் காலி. டயர் கல்லு மாதிரி நின்றது.

மிதித்தான். வண்டி பறந்தது. அந்த லேசு அவனைக் கொன்றது. அக்கா, அக்கா என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டே வந்தது. காவடிக் கூட்டத்துக்குள் புகுந்தான். திட்டினார்கள். மணியை அடித்தான். நெசவுத் தெரு. தறிச் சத்தம் இல்லை, எல்லோரும் வாசலில். பாவாவின் சைக்கிள் வீட்டு முன்னால். பின் டயர் ரிம்மோடு ஒட்டி.

"அக்கா! வாங்காதே!"

பம்பை அதை விழுங்கியது.

தேவகி வாசல்படியில் உட்கார்ந்து முந்தானையை விரித்திருந்தாள். மஞ்சள் முகம். பாவா குடத்தை இறக்கி அவள் மடியில் வைத்தார். டயர் நிமிர்ந்தது.

"அம்மாடி, இன்னா கனம்!" என்றாள்.

ராஜவேலு வண்டியைப் போட்டுவிட்டு ஓடினான். குடத்தைப் பிடுங்கி எறிந்தான். உருண்டது. துணி அவிழ்ந்தது. உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

பாவா அவன் கழுத்தைப் பிடித்தார். அவன் திமிறவில்லை. அக்காவின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சேலை நனைந்து வயிற்றோடு ஒட்டியிருந்தது. ஈரத்துக்கு அடியில் ஒரு சின்னக் குதிகால் எழும்பியது. இடது பக்கம். அதை ஒரு கை பிடித்தது. ஐந்து விரலும் தெரிந்தன. குதிகால் உதைத்தது. மறுபடி உதைத்தது. கை விடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து உதை மெலிந்தது. நின்றது.

கை மட்டும் மெல்ல விரிந்து, வயிற்றை உள்ளேயிருந்து தடவிக்கொடுத்தது.

"பாருடா ராஜவேலு, உன் மருமவன் இன்னா ஆட்டம் ஆடறான்," என்று தேவகி அந்த இடத்தின் மேல் தன் கையை வைத்துக்கொண்டாள்.