வால் நீண்ட சரிக்குறி

ஓர் அறையைப் பார்த்து முடித்ததும் அதன் நிலைச்சட்டத்தில் சாக்பீஸால் வால் நீண்ட சரிக்குறி ஒன்று போடுவது அந்தக் கட்டடக் கலைஞரின் நெடுநாள் வழக்கம். பார்த்தாயிற்று, உள்ளே ஒன்றுமில்லை என்பது அதன் பொருள். குறி விழுந்த அறையை அவர் மறுமுறை எட்டிப் பார்ப்பதில்லை.

இப்போது அவர் கையிலிருக்கும் வேலை இது: நகரத்துப் பழைய கட்டடம் ஒன்றைத் தேர்ந்து, இடிக்காமல் புதுப்பித்து, கீழே கடைகளும் நடுவில் அலுவலகங்களும் மேலே குடியிருப்புகளுமாக மாற்றித் தர வேண்டும். ஆறு மாதத்தில் பதினோரு கட்டடங்கள் கைநழுவின. ஒன்றில் அஸ்திவாரம் இற்றிருந்தது. ஒன்றில் பங்காளிச் சண்டை. ஒன்றில் தீயணைப்பு வண்டி நுழைய வழியில்லை. இதற்குப் பணம் போடுகிறவர் அவர் மனைவியின் அண்ணன்; அவர் பொறுமையிழந்து, பன்னிரண்டாவதைத் தாமே பிடித்துவிட்டார்: மூடிக் கிடந்த தொலைபேசி நிலையம். மாலைக்குள் சம்மதம் சொல்லாவிட்டால் வேலை வேறொருவருக்குப் போய்விடும்.

அந்த நிலையத்தை மட்டும் கலைஞர் தம் பட்டியலில் சேர்த்ததே இல்லை.

நண்பகலில் தனியே நுழைந்து குறை தேடினார். விரிசலில்லை. கரையானில்லை. தூண்களுக்கிடையே கடைகளுக்கு அளவெடுத்தாற்போல் இடம். வேண்டாத இடத்தில்தான் எல்லாம் பொருந்தித் தொலைகிறது என்று எரிச்சல் மண்ட, முதல் அறையில் குறி போடச் சாக்பீஸை உயர்த்தினார். அங்கே ஏற்கெனவே ஒரு குறி இருந்தது. வால் நீண்ட குறி. தொட்டதும் வெண்பொடி விரலில் ஒட்டியது. அடுத்த அறையிலும் அப்படியே. பத்தொன்பது ஆண்டுகள் பூட்டிக் கிடந்த கட்டடத்தில், இன்று குழைத்த சிமென்ட் கலவையின் ஈரவாடை வீசியது.

கைப்பேசி ஒலித்தது.

"மாப்ளே, பொண்ணு பாக்க வந்தப்பகூட எங்க வீட்டுல நீங்க இத்தனை குறை கண்டுபிடிக்கலையே. இதுல என்ன நொட்டை?"

"ஒண்ணுமில்ல. ஆனா வேண்டாம்."

"பேஸ்மென்ட் பாத்தீங்களா?"

"பாக்கல."

"பாத்துட்டுச் சொல்லுங்க."

பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் நிலையத்தை மூடிய நாளில் கலைஞர் இளம் உதவியாளர். நிலவறையின் பேட்டரி அறையை அடைத்துச் சுவர் எழுப்பும் பொறுப்பு அவருடையது. அவசரத்தில் உள்ளே போகாமலே குறி போட்டார். "உள்ள பாத்துட்டீங்களா சார்?" என்றார் கொத்தனார். பார்த்தாயிற்று, கட்டு என்றார் இவர். சுவரின் ஈரம் காயுமுன், இரவுக் காவலாளியின் குடை பக்கத்து ஆணியில் தொங்குவதைக் கண்டார். இரவுப் பணி முடித்துக் காவலாளி பகலில் உறங்குவது அந்தப் பேட்டரி அறையில்தான். உடைத்தால் ஒரு நாள் வேலை வீண். வாயைத் திறக்கவில்லை. காவலாளி சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டதாக அலுவலகத்தில் எழுதிக்கொண்டார்கள்.

நிலவறைக்கு இறங்கினார். குடை அதே ஆணியில் தொங்கியது. வெளியே கொளுத்தும் வெயில். குடையிலிருந்து நீர் சொட்டியது.

சுவருக்கு அப்பால் ஓர் ஓசை. கிறீச். சாக்பீஸ் இழுபடும் ஓசை.

ஓடிவிடலாம். மாலையில் ஒரு பொய் சொல்லலாம். பத்தொன்பது ஆண்டுகள் சொன்னதுதானே. கால் படியில் பட்டது. திரும்பினார். மூலையில் கிடந்த கடப்பாரையை எடுத்தார்.

"மன்னிச்சிடுங்க ஐயா. அன்னைக்கு நான் பாக்கல. இப்பப் பாக்கறேன்."

கலவை இன்னும் காயாமல் பச்சையாக இருந்தது. செங்கற்கள் கையோடு வந்தன. தவழ்ந்து உள்ளே போனார். டார்ச் வெளிச்சத்தில் தரை முதல் கூரை வரை சரிக்குறிகள். ஆயிரம் ஆயிரமாக. நடுவே சுருட்டிய பாய். ஆளில்லை.

முதுகுக்குப் பின்னால் கொத்தனாரின் கரண்டி உரசியது.

அவர் உடைத்த திறப்பு பாதி அடைபட்டிருந்தது. வெண்பொடி படிந்த ஒரு கை, அவசரமே இல்லாமல், அடுத்த செங்கல்லை வைத்தது.

"உள்ள பாத்துட்டீங்களா சார்?"

அவர் நாக்கு பழைய பதிலுக்கு எழுந்தது. அடக்கினார்.

"இன்னும் இல்லீங்க."

"பாருங்க."

கடைசிச் செங்கல். இருள். வெளியே நிலைச்சட்டத்தில், கிறீச். குடை ஆணியிலிருந்து எடுபடும் ஓசை. படியேறும் காலடி.

டார்ச் மங்கியது. அவர் முதல் மூலைக்குப் போனார். முழந்தாளிட்டு, கவனமாகப் பார்க்கத் தொடங்கினார்.