வா என்றால் போ

சரித்திரப் புத்தகத்தில் தங்கள் ஊர்ப் பெயரைப் பார்த்த அன்று எட்டாம் வகுப்பு 'ஆ' பிரிவுக்குத் தலைகால் புரியவில்லை.

"ஆம்பூர்ப் போர், ஆயிரத்து எழுநூற்று நாற்பத்தொன்பது" என்று எழிலரசி டீச்சர் வாசித்ததுதான் தாமதம், கடைசி பெஞ்சிலிருந்து ஒரு விசில் பறந்தது. விசிலடித்தவன் சமீருல்லா. அவனுக்கு விசிலடிக்க ஒரு சாக்கு கிடைத்தால் போதும்.

"நம்ம ஆம்பூரா டீச்சர்? இதே ஆம்பூரா?"

"இதே ஆம்பூர்தான். பிரெஞ்சுப் படையும் சந்தா சாகிப்போட ஆளுங்களும் ஒரு பக்கம். ஆற்காட்டு நவாப் அன்வாருதீன் இன்னொரு பக்கம். நவாப்புக்கு அப்ப ரொம்ப வயசு. யானை மேல உட்கார்ந்து சண்டை போட்டு, போர்க்களத்துலயே செத்துப்போனார். பிரெஞ்சுக்காரங்க பக்கம் ஜெயிச்சுது."

"போர் நடந்த இடத்துல இப்ப இன்னா இருக்கு டீச்சர்?"

"யாருக்குத் தெரியும்? ஏதாவது ஷூ கம்பெனி இருக்கும்."

வகுப்பே சிரித்தது. பாதிப் பேரின் அப்பா அம்மா ஷூ கம்பெனியில்தான் வேலை பார்த்தார்கள். 'எங்க அம்மா தைக்கிற மிஷினுக்குக் கீழ பீரங்கிக் குண்டு இருக்கும்' என்று ஆளுக்கு ஆள் அளக்க ஆரம்பித்தார்கள்.

முதல் பெஞ்சில் இருந்த தூபா மட்டும் சிரிக்கவில்லை. யானை மேல் இருந்த அந்தக் கிழவரை நினைத்து அவளுக்குப் பாவமாக இருந்தது.

"அவ்ளோ தூரத்துலருந்து வந்து எதுக்கு டீச்சர் இங்க சண்டை போட்டாங்க?" என்று கேட்டாள்.

"வியாபாரம் பண்ண வந்தாங்க. யார் நவாப்பா இருந்தா வியாபாரத்துக்கு லாபம்னு பார்த்தாங்க. இங்கிலீஷ்காரங்க ஒரு ஆளைப் பிடிச்சா, பிரெஞ்சுக்காரங்க இன்னொரு ஆளைப் பிடிச்சாங்க. அடிபட்டது நம்ம ஊருங்க."

"அப்ப ஜெயிச்சவங்க எல்லாம் வீரனுங்களா?"

எழிலரசி டீச்சர் கண்களைச் சிமிட்டினார். "நல்ல கேள்வி. அதுக்குத்தான் ஒரு நாடகம் வெச்சிருக்கேன்."

அது பிரான்ஸ் நாட்டின் பழைய வேடிக்கை நாடகம். புதுச்சேரியில் இருக்கும் டீச்சரின் அக்கா தமிழில் எழுதி அனுப்பியிருந்தார். நாடகத்தில் ஒரு தளபதி. வாயைத் திறந்தால் வீரப் பேச்சு. ஆனால் போர் நடந்தபோது ஆள் மாவு மில்லில் ஒரு மூட்டைக்குள் ஒளிந்துகொண்டிருந்தவர். தலை முதல் கால் வரை வெள்ளையாகத் திரும்பி வந்து, 'இது பீரங்கிப் புகை' என்று பீற்றிக்கொள்வார். உண்மை தெரிந்தவன் அவருடைய வேலைக்காரன் ஒருவன்தான். அவன் உண்மையைச் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் தளபதி அவனை வெளியே விரட்டுவார்.

"அந்தத் தளபதி ஆம்பூர்ப் போருக்கு வந்தவர்னு மாத்திக்குவோம்" என்றார் டீச்சர். "பாடமும் ஆச்சு, ஆண்டு விழாவுக்கு நாடகமும் ஆச்சு. ஒரே ஒரு வார்த்தைய மட்டும் பிரெஞ்சுல வெச்சுக்கலாம். தளபதி வேலைக்காரனை விரட்டும்போது 'வா!'ன்னு கத்துவார். பிரெஞ்சுல 'வா'ன்னா போ."

வகுப்பில் ஒரே சலசலப்பு.

"டீச்சர், அப்ப 'போ'ன்னா வாவா?" என்றான் சமீருல்லா.

"இல்ல. 'போ'ன்னா தோல்."

"தோலா? அப்ப நம்ம ஊரு ஃபுல்லா போதான் டீச்சர்!"

அன்று அதற்குமேல் பாடம் நடந்திருக்கும் என்று நினைக்கிறீர்களா? நடக்கவில்லை.

தளபதி வேடம் சமீருல்லாவுக்குப் போனது. அவன் குரலுக்கு மைக்கே வேண்டாம். ஜெயித்த தளபதியைப் பாராட்ட புது நவாப் சந்தா சாகிப் அனுப்பும் தூதர் வேடம் தூபாவுக்கு. வேலைக்காரன் வேடம் ஆதிகேசவனுக்கு.

ஆதிகேசவன் அந்த வருடம்தான் அணைக்கட்டு என்ற ஊரிலிருந்து வந்து சேர்ந்திருந்தான். அவன் அப்பாவுக்கு ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை கிடைத்து, குடும்பத்தோடு வந்துவிட்டார்கள். அதிகம் பேசமாட்டான். ஆனால் டஸ்டர் எடுத்துவரவும், பெஞ்சைத் தூக்கவும் எல்லோரும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அவனும் முகம் சுளிக்காமல் போவான். நாடகத்தில் சேர்த்துக்கொண்டதில் அவனுக்கு எவ்வளவு சந்தோஷம் என்றால், அன்று மாலையே அப்பாவிடம் சொல்லிவிட்டான். அப்பாவும் விழாவுக்கு வர ஷிப்ட் மாற்றிக் கேட்டுவிட்டார்.

ஒத்திகையில்தான் வினை ஆரம்பித்தது.

"எசமான், உண்மை இன்னான்னா..." என்பான் ஆதிகேசவன்.

"வா!" என்று கர்ஜிப்பான் சமீருல்லா.

ஆதிகேசவன் பக்கத்தில் வந்து நிற்பான்.

"டேய், போடா!"

"நீ வான்னுதானே சொன்ன?"

மறுநாளும் இதே கதை. அதற்கு மறுநாளும் இதே கதை. சமீருல்லா மாவு பூசிய கையால் தலையில் அடித்துக்கொண்டான்.

"வேற ஆளை மாத்திடலாம் டீச்சர். இவனோட பெரிய பேஜாரா இருக்கு."

ஆதிகேசவன் குனிந்துகொண்டான். காது மடல்கள் சிவந்தன. தூபாவால் அதைப் பார்க்க முடியவில்லை.

"மாத்த வேணாம் டீச்சர்" என்று எழுந்தாள். "நான் சொல்லிக் குடுக்கறேன்."

மதியம் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் பயிற்சி நடந்தது. தூபா கத்தினாள், "வா!" ஆதிகேசவன் வந்தான்.

"ஏன் ஆதி?"

"நான் இன்னா பண்ணட்டும் தூபா? வீட்ல, தெருவுல, எல்லாரும் வா, வான்னு கூப்டுனே இருக்காங்க. காதுல விழுந்ததும் கால் தானா வந்துடுது."

தூபா யோசித்தாள். "சரி, இனிமே 'வா'ன்னு கேட்டா வாசல்னு நினைச்சுக்கோ. வாசலுக்குப் போ. அவ்ளோதான்."

வா. வாசல். வா. வாசல். மதியம் முடிவதற்குள் ஆதிகேசவனின் கால்கள் கொஞ்சம் அடங்கின. அடுத்த ஒத்திகையில் திக்கித் திணறி வெளியே போனான். "பரவால்லயே!" என்றார் டீச்சர்.

தூபாவுக்குத் தன் பங்கும் இருந்தது. தூதர் பேசும் ஒரு நீளமான பாராட்டுரை. 'உங்கள் வாள் மின்னல்! உங்கள் குரல் இடி!' என்று ஆரம்பித்து மூச்சு விடாமல் போகும். நாடகத்தில் அவள் பேசுவது அது ஒன்றுதான். அதைப் பீரோ கண்ணாடி முன்னால் நின்று அவள் சொல்லிச் சொல்லி, அடுப்படியில் இருந்த அவள் அம்மா மஹ்பூபிக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

விழா அன்று மாலை பள்ளி மைதானம் நிரம்பி வழிந்தது. தூபா துப்பட்டாவைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு திரைக்குப் பின்னால் நின்றாள். இரண்டாவது வரிசையில் அவள் அம்மி மஹ்பூபி. முன் வரிசை ஓரத்தில், கம்பெனிச் சட்டையோடு ஆதிகேசவனின் அப்பா.

நாடகம் ஆரம்பித்தது. சமீருல்லா மைதா மாவைத் தலையில் கொட்டிக்கொண்டு நுழைந்ததுமே கூட்டம் சிரித்தது. "இந்த ஆம்பூரை ஒத்தை ஆளா ஜெயிச்சவன் நான்!" என்று அவன் மார்தட்டினான். ஆதிகேசவன் முன்னால் வந்தான். கூட்டத்தைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான். அப்பா கையை உயர்த்திக் காட்டினார்.

"எசமான், உண்மை இன்னான்னா..."

"வா!"

வாசலாவது ஒன்றாவது! எல்லாம் மறந்துபோய் ஆதிகேசவன் தளபதியை நோக்கி வந்தான்.

"வா!" என்று பல்லைக் கடித்தான் சமீருல்லா. ஆதிகேசவன் இன்னும் கிட்டே வந்தான். "வா! வா!" இப்போது இருவர் மூக்கும் இடிக்காத குறை.

கூட்டம் ஓவென்று சிரித்தது. அது நாடகத்தைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு அல்ல. ஆதிகேசவனுக்கு அது புரிந்துவிட்டது. தான் செய்த தப்பும் புரிந்துவிட்டது. அப்படியே நின்றான்.

"போடா, போ" என்று திரைக்குப் பின்னாலிருந்து யாரோ கிசுகிசுத்தார்கள். அவன் காதில் எதுவும் ஏறவில்லை.

தூபாவின் முறை வருவதற்கு இன்னும் வெகு நேரம் இருந்தது. இப்போது போனால் பாராட்டுரை அம்போதான். இந்தக் கூத்தை நேரில் பார்த்த தூதர், 'உங்கள் குரல் இடி' என்று எப்படிப் புகழ்வார்? அவள் அம்மியைப் பார்த்தாள். அந்தப் பேச்சைத் தன் வாயால் சொல்ல அவளுக்கு எவ்வளவு ஆசை! மறுபடி ஆதிகேசவனைப் பார்த்தாள். அவன் கண் கலங்கிக்கொண்டிருந்தது.

அதற்குமேல் அவள் நிற்கவில்லை.

"வாஹ்! வாஹ்! வாஹ்!" என்று கைதட்டிக்கொண்டே மேடைக்குள் நுழைந்தாள்.

தூபா வீட்டில் பேசுவது உருது. உருதுவில் 'வாஹ்' என்றால் 'பலே'. கூட்டத்தில் பாதிப் பேருக்கு அது சொல்லாமலே புரிந்தது.

"தளபதி அவர்களே, நான் நவாப்பின் தூதர்! இன்னா பாசம், இன்னா பாசம்! வேலைக்காரனை இப்படி வா, வான்னு கூப்பிடற எசமானை நான் பார்த்ததே இல்ல!"

சமீருல்லா திருதிருவென்று விழித்தான். இது ஒத்திகையில் இல்லாத வசனம். ஆனாலும் தளபதி சும்மா நிற்கலாமா?

"யோவ் தூதரே, நான் பேசறது பிரெஞ்சு! எங்க மொழியில வான்னா போ!"

"அப்படியா! எங்க சபையில வாஹ்னா பலே. இந்த ஊர்ல வான்னா வா. உங்க ஊர்ல வான்னா போ. பாவம், இந்தப் பையன் எதைத்தான் கேட்பான்?"

கூட்டம் மறுபடி சிரித்தது. இந்தத் தடவை சிரிப்பு தளபதியைப் பார்த்து.

தூபா ஆதிகேசவன் பக்கம் திரும்பி மெல்ல, "எது வருதோ பேசு ஆதி" என்றாள். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "தம்பி, நீ சொல்லு. உங்க தளபதி போர்க்களத்துலயும் இப்படித்தான் கத்தினாரா?" என்றாள்.

ஆதிகேசவன் கண்ணைத் துடைத்தான். தளபதியைப் பார்த்தான். தூபாவைப் பார்த்தான். அவன் முகத்தில் மெல்ல ஒரு குறும்பு எட்டிப் பார்த்தது.

"ஆமாங்க" என்றான். "எதிரிங்க கிட்ட வந்ததும் எசமான் வா, வான்னு கத்தினாருங்க. போங்கடான்னு சொல்றாராம்! ஆம்பூர்க்காரங்களுக்கு அது எப்படித் தெரியும்? பெரிய மனுஷன் இவ்ளோ ஆசையா கூப்டறாரே, போகலன்னா தப்பா நினைப்பாருன்னு மொத்தப் படையும் வந்துட்டுச்சுங்க!"

அவ்வளவுதான். மைதானமே குலுங்கியது. ஒரு பெரியவர் சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து சரிந்தார்.

"அப்புறம்?" என்றாள் தூபா, சிரிப்பை அடக்கமாட்டாமல்.

"அப்புறம் இன்னா? எசமான் எடுத்தாரு பாருங்க ஓட்டம், மாவு மில்லு வரைக்கும் நிக்கவே இல்ல! மூட்டைக்குள்ள பூந்தவரு சண்டை முடிஞ்சுதான் வெளிய வந்தாரு. இது பீரங்கிப் புகை இல்லீங்க. மைதா!"

இப்போது எல்லோர் கண்ணும் சமீருல்லா மேல். அவன் ஒரு நொடி யோசித்தான். நல்ல பையன், சமயத்தில் கைவிடவில்லை. தலையைச் சிலுப்பி ஒரு மாவு மேகத்தைக் கிளப்பிவிட்டு, "அய்யோ, வராதீங்க! வா! வா! வா!" என்று அலறிக்கொண்டே மேடையைச் சுற்றி ஓடினான். கூட்டத்தில் இருந்த பொடிசுகள் எல்லாம் 'இதோ வர்றோம்!' என்று கத்தின.

திரை விழுந்தது. நாடகம் பாதி நேரத்திலேயே முடிந்துவிட்டது. யாருக்கும் அது குறையாகத் தெரியவில்லை. ஆதிகேசவனின் அப்பா பக்கத்தில் இருந்தவரின் கையைப் பிடித்து, "என் பையங்க, அந்த வேலைக்காரன் என் பையங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் அப்படிக் கையைப் பிடித்துச் சொன்ன மூன்றாவது ஆள் தலைமையாசிரியர்.

எழிலரசி டீச்சர் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டே தூபாவை அணைத்துக்கொண்டார். "உன் பேச்சு போச்சே கண்ணு?"

"போனா போகட்டும் டீச்சர்" என்றாள் தூபா. கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. ஆனால் ஆதிகேசவன் அப்பாவை நோக்கி ஓடிய ஓட்டத்தைப் பார்த்தபோது, இதைவிடச் சந்தோஷமான நாள் தனக்கு வந்ததில்லை என்று தோன்றியது.

வீட்டுக்குப் போகும் ஷேர் ஆட்டோவில் மஹ்பூபி வெளியே பார்த்தபடியே வந்தாள்.

"அம்மி, கோவமா?"

"கோவம் இன்னாத்துக்கு? அவ்ளோ நல்ல பேச்சு வீணாப் போய்ட்டுதேன்னு பார்த்தேன்" என்றாள் மஹ்பூபி. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "உங்கள் வாள் மின்னல்! உங்கள் குரல் இடி!" என்று ஆரம்பித்து, ஆட்டோ டிரைவரைப் பார்த்தே முழுப் பாராட்டுரையையும் சொல்லி முடித்தாள். டிரைவர் வெட்கத்தில் ஒரு ஸ்பீடு பிரேக்கரைக் கவனிக்காமல் ஏற்றிவிட்டார்.

திங்கட்கிழமை தலைமையாசிரியரே வகுப்புக்கு வந்தார். காட்பாடியில் ஒரு பள்ளி விழாவுக்கு இந்த நாடகத்தைக் கூப்பிட்டிருந்தார்கள்.

"அப்படியே போடணும். ஒரு எழுத்து மாறக்கூடாது. குறிப்பா அந்தப் பையன் பண்ண தப்பு, அது கட்டாயம் வேணும்!"

மதியமே ஒத்திகை. சமீருல்லா மாவு பூசிக்கொண்டான். தூபா தலைப்பாகை கட்டிக்கொண்டு 'வாஹ்' சொல்லத் தயாராக நின்றாள். வகுப்பு முழுக்க ஜன்னலில் தொற்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தது.

"எசமான், உண்மை இன்னான்னா..."

"வா!" என்று முழங்கினான் சமீருல்லா.

ஆதிகேசவன் டக்கென்று திரும்பி, நிமிர்ந்த நடையோடு வாசலைத் தாண்டி வெளியே போய்விட்டான்.

"டேய், எங்கடா போற?" என்று கத்தினான் சமீருல்லா.

வெளியிலிருந்து கம்பீரமாகப் பதில் வந்தது.

"நீதானேடா போகச் சொன்ன!"