மரகதத்தில் விழுந்த விரிசல்

காலை மணி 9.40. ஏலம் தொடங்க இன்னும் இருபது நிமிடம். நகைகளைப் பார்வைக்கு வைக்கும் கூடத்திலிருந்து அந்த அலறல் கேட்டது.

"இது எங்கம்மா மோதிரமே இல்ல!"

அலறியவர் லாரி அதிபர். கையில் திறந்த பெட்டி. போன வாரம் தளிர்போல இருந்த மரகதத்தில் இப்போது சிலந்தி வலை பின்னியதுபோல விரிசல்கள்.

இன்ஸ்பெக்டர் வந்து சேர்ந்தார். பேச்சில் சிக்கனமான பெண்மணி.

"சொல்லுங்க."

"மதிப்பு போடறேன்னு இந்த மனுஷன் ஒருநாள் முழுக்க கல்லை வச்சிருந்தார் மேடம். நல்லதை அமுக்கிட்டு நொள்ளையைத் திருப்பிக் குடுத்துட்டார்!"

"திருப்பி வாங்கினப்போ திறந்து பாத்தீங்களா?"

"அப்படியே பீரோவுல வச்சேன். நம்பினேன் பாருங்க, என்னைச் சொல்லணும்."

"பீரோ சாவி?"

"ஆணியில தொங்கும். வீட்டுல நானும் தங்கச்சியும்தானே?"

அருகில் நின்ற மதிப்பீட்டாளர் முகத்தில் ஈயாடவில்லை.

"தலை நரைச்சதே இந்த வேலையிலதான் மேடம். இது வெளியே பரவினா, இனி ஒரு கல்லைக்கூட யாரும் என் கையில தரமாட்டாங்க. ஒரு தடவை பாக்கவாவது விடச் சொல்லுங்க."

"பாலுக்குப் பூனையைக் காவல் வைக்கவா?" என்றார் லாரி அதிபர்.

மூலையில் தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சேலைக்குப் பொருத்தமாக நகங்களில் மெரூன் சாயம். வலக்கையில் இரண்டு நகங்களில் மட்டும் இல்லை. அவசரத்தில் கிளம்பியிருப்பாள்.

"அவரை விட்டுடுங்க மேடம், பாவம். போலீஸெல்லாம் எதுக்கு?"

"இவளுக்கு எப்பவும் இளகின மனசு," என்றார் அண்ணன்.

இன்ஸ்பெக்டர் மதிப்பீட்டாளர் பக்கம் திரும்பினார். "போன வாரம் எடுத்த படம் இருக்கா?"

"பெரிசாக்கின படமே இருக்கு."

"அதையும் வைங்க. கல்லையும் பாருங்க. நான் பக்கத்துலயே நிக்கிறேன்."

மதிப்பீட்டாளர் லென்ஸைக் கண்ணில் வைத்துக் குனிந்தார். நிமிர்ந்தவர் அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

"அதே கல்லுதான்! உள்ளே தூண்டில்முள் மாதிரி ஒரு கீறல், பக்கத்துல மூணு புள்ளி. படத்திலயும் இருக்கு, இதிலயும் இருக்கு. கல்லை மாத்தலாம் மேடம், அதோட மச்சத்தை மாத்த முடியாது."

"அப்போ விரிசல்?"

"பொறவியிலயே உள்ளது. மரகதத்துல முக்காவாசிக்கு உண்டு. அதுக்குள்ள எண்ணெய் ஏத்தி மறைப்பாங்க. இதுவும் எண்ணெய்க் கல்லுதான்னு இவங்க ரெண்டு பேர்கிட்டயும் சொல்லித்தான் மதிப்பைக் குறைச்சேன். இப்ப அந்த எண்ணெய் இல்ல."

"தானா வத்துமா?"

"ஒரு வாரத்துலயா? அசிட்டோன்ல ஊறப்போட்டாத்தான் இப்படிப் போகும். அதுகிட்டயே கொண்டுபோகாதீங்கன்னு எச்சரிச்சேனே!"

இன்ஸ்பெக்டர் மெல்ல மூலைக்கு நடந்தார்.

"அசிட்டோனைத் தேடி எங்கேயும் போக வேண்டாம். நகச்சாயம் அழிக்கிற குப்பியிலயே இருக்கும். ராத்திரி மோதிரத்தை அதுல போட்டு, காலையில ரெண்டு விரலை விட்டு எடுத்தா கல்லோட எண்ணெய் மட்டுமா போகும்? கட்டைவிரல் சாயமும் ஆள்காட்டி விரல் சாயமும் சேர்ந்தே போயிடும். இல்லையாம்மா?"

தங்கை வலக்கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"இவரை மாட்டிவிட நினைக்கல மேடம். கல்லு நல்லா இல்லன்னா யாரும் கேக்க மாட்டாங்க, மோதிரம் வீட்டுக்கே வந்துடும்னு..."

"அடிப்பாவி! வேணும்னா என்கிட்ட கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டேண்ணா. ரெண்டு தடவை. நீ போன்ல டயர் விலை பேசிட்டிருந்தே. 'ம்'னே. மறுநாளே ஏலத்துக்கு எழுதிக் குடுத்துட்டே."

லாரி அதிபர் மதிப்பீட்டாளர் பக்கம் திரும்பினார்.

"கல்லு... போச்சா சார்?"

"போகல. பட்டை தீட்டுறவர்கிட்ட குடுத்தா திரும்ப எண்ணெய் ஏத்திடுவார். மதிப்பும் குறையாது. எண்ணெய்க் கல்லுன்னுதானே விலை போட்டேன்?"

அண்ணன் ஏலச் சீட்டைக் கிழித்தார். பெட்டியைத் தங்கை மடியில் வைத்தார். "இந்தா, அழுது தொலையாதே."

"புகார்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"எங்க வீட்டுச் சண்டை மேடம். நாங்களே போட்டுக்கறோம்."

மதிப்பீட்டாளர் ஒரு டம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்து முடித்தார். லாரி அதிபர் தலையைச் சொறிந்தபடி எதிரே வந்து நின்றார்.

"சார், அம்மாவோட சிவப்புக்கல் தோடு ஒண்ணும் இருக்கு. உங்ககிட்ட குடுத்தா பாத்துச் சொல்லுவீங்களா?"

"கொண்டாங்க. ஆனா திருப்பி வாங்கும்போது, என் கண்ணு முன்னாடி பெட்டியைத் திறந்து பாத்துட்டுப் போங்க!"