எர்த் கொடுக்காத பெட்டி

கஸ்பாரின் இரண்டு கைகளும் திருப்புளியில் இருந்தன. உறுமல் நின்றது.

அது நிற்கக் கூடாது. கட்டிலில் கிடக்கும் கிட்டாரின் தந்திகளை யாராவது தொட்டால்தான் ஒலிபெருக்கியின் உறுமல் அடங்கும். கையை எடுத்தால் மறுபடி தொடங்கும். பெட்டிக்கு எர்த் கொடுக்கத் தெரியாதவன் செய்த வேலை அப்படித்தான் இருக்கும்.

கிட்டார் ஒலியைக் கிழித்துக் கரகரப்பாக்கும் பெட்டி. அலுமினிய டிபன் டப்பாவுக்குள் ஈயம் சளி சளியாக ஒட்டியிருந்தது. பத்திரிகையில் வந்த சர்க்யூட் படத்தில் இரண்டு டிரான்சிஸ்டர்தான். பயந்தாங்கொள்ளிகளின் கணக்கு என்று மூன்றாவதையும் சேர்த்தான். ஞாயிற்றுக்கிழமை சேலத்து மெல்லிசைக் குழுவில் அவன் வாசித்துக் காட்ட வேண்டும். ஆவணியில் காமாலையில் செத்துப்போன அண்ணன் ஞானராஜின் இடம் அது. கிட்டாரும் அண்ணனுடையது. கஸ்பாரின் விரலில் வேகம் கிடையாது. கரகரப்புதான் அதை மறைக்க வேண்டும். பெட்டி இல்லையென்றால் இடமும் இல்லை.

கல்லறைத் திருநாள். தெருவே மெழுகுவத்தியோடு கல்லறைக்குப் போயிருந்தது. கிளம்பும்போது மனைவி ராஜமேரி வாசலில் நின்றாள்.

"ஏங்க, கூடப் பொறந்தவருக்கு ஒரு வத்தி ஏத்தக்கூட வர மாட்டீங்களா?"

"செத்தவனுக்கு எதுக்குடி வெளிச்சம்? பேப்பர் படிக்கப் போறானா?"

"அவரு கிட்டாரத் தொட மட்டும் கை நீளுதுங்களே."

"அவன் தடவிக்கிட்டு இருந்தான். நான் வாசிக்கப் போறேன். போ, வூட்டச் சாத்திட்டுப் போ."

சாத்திவிட்டுத்தான் போனாள்.

உறுமல் மறுபடி எழுந்தது. ஏதோ லூஸ் கனெக்‌ஷன் என்று அலட்சியமாக உதட்டைச் சுழித்தான். ஈயம் பற்றவைத்ததில் கருகிய பிசினின் நெடியும், சன்னல் வழியே வந்த கரும்பாலைப் புகையின் புளிப்பும், அந்த ஓயாத உறுமலும் ஒன்றாகக் கலந்து அறைக்குள் தேங்க, அவன் முனைகளை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தான். எதுவும் ஆடவில்லை.

நின்றது.

தொடங்கியது. நின்றது. யாரோ தந்திகளின் மேல் கை வைத்து, எடுத்து, வைத்துப் பழகுவதுபோல.

"செத்தும் தடவறியாடா?" என்றான் கஸ்பார். சிரித்தான். சிரிப்பு பாதியில் வறண்டது.

திரும்பிப் பார்த்தான்.

கட்டிலில் கிட்டார் மட்டும். மாலை வெளிச்சம் அதன் கழுத்தில் விழுந்திருந்தது. தந்திகள் அமுங்கின. நான்கு இடங்களில், கழுத்துப் பலகையோடு ஒட்டி. மேலே ஒன்றுமில்லை.

வயரைப் பிடுங்கியிருக்கலாம். ஆனால் அண்ணனிடம் தோற்பதா? எழுந்து போய் இடது கையால் கிட்டாரின் கழுத்தை இறுக்கிப் பற்றினான்.

மரம் தட்டுப்படவில்லை.

விரல்கள். ஈரமாக. நுனிகளில் காய்ப்பு.

கையை இழுத்தான். வரவில்லை. அந்த விரல்கள் அவன் விரல்களுக்கு அடியிலிருந்து மெல்ல நழுவி மேலே வந்தன. படிந்தன. அழுத்தின.

பெட்டி அலறியது.

அவன் விரல்கள் ஓடின. அவனுக்கு ஒருநாளும் வராத வேகம். தோல் கிழிந்தது. தந்திகள் சிவந்தன. விரல்கள் ஓடின.

அவன் வலது கை கட்டில் காலைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. தந்திகளை மீட்டுவது அந்தக் கை அல்ல.